வெனிஸைக் கொளுவிய அண்ணன்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பர் மாதம் இது நடந்தது. நானும் என் கணவரும் நார்வேயில், ஆஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். நாங்கள் ஆஸ்லோ என்போம். எங்களுக்கு ரொம்ப முன்பே இங்கே வந்து, பிள்ளை குட்டிகளோடு ஊன்றிவிட்ட யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒஸ்லோ என்பார்கள். கதையின் வினையே இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். வேலை ஒரு ஆய்வுக்கூடத்தில். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வாய் அதைவிட முன்னால் நிற்கும். என் கணவர் எனக்கு நேர் எதிர். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார்.

எங்கள் வீட்டுக்காரர் நார்வேக்காரர், பேச்சுக்குப் பஞ்சம் பிடித்த மனிதர். எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக ஸ்தவாங்கர் போனார், அப்போது இந்த வீட்டை எங்களுக்கு விட்டார். சாவியைக் கொடுக்கும்போது அடுப்பைப் பற்றி ஒரு வரி சொன்னார். குப்பையைப் பற்றி ஒரு வரி. ஆனால் ஹாலில் மாட்டியிருந்த ஒரு ஓவியத்தைப் பற்றி நின்ற இடத்தில் நின்றபடி பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் வலித்துவிட்டது.

அது வெனிஸ் நகரத்து எண்ணெய் ஓவியம். பழைய காலத்துப் பிரெஞ்சு ஓவியர் ஒருவர் வரைந்தது. பாரிஸில் பெரிய ஓவியப் பள்ளியில் முறைப்படி படித்து, பிறகு அங்கேயே மாணவர்களுக்குப் பாடமும் எடுத்தவராம். வீட்டுக்காரரின் கொள்ளுத் தாத்தாவோ யாரோ கப்பலில் போன இடத்தில் வாங்கி வந்தது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய். இரண்டு பக்கமும் மாளிகைகள், அவற்றின் படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். கறுப்புப் படகு ஒன்று, துடுப்போடு ஒருவன், சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண். படகோட்டியின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு நுணுக்கம். பாராட்டுகிறேன் பேர்வழி என்று என் கணவர், "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்றார். வீட்டுக்காரரின் முகம் சுருங்கிப் போயிற்று. தூரிகை பட்ட தடமே தெரியக் கூடாது என்பதுதான் அந்தப் பள்ளிக்காரர்களின் கெட்டிக்காரத்தனமாம், அதை முழுதாக விளக்கிய பிறகுதான் எங்களை விட்டார்.

வீடியோ காலில் அந்தப் படத்தைப் பார்த்த என் அம்மாவின் விமர்சனம் வேறு. "ஏண்டி, வெள்ளம் வந்த படத்தைப் போய் நடு ஹால்ல மாட்டி வச்சிருக்கே? வாசப்படி வரைக்கும் தண்ணி, ஜனங்க படகுல போறாங்க. டிசம்பர் மாச வேளச்சேரி மாதிரியே இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்தச் சிவப்புச் சால்வைப் பெண்ணைப் பார்த்தால், நிவாரணப் பொட்டலம் வாங்கப் போகிறவளாகத்தான் தெரிந்தாள்.

ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு சொந்தக்காரி காத்திருந்தாள், வீட்டுக்காரரின் ஒரே மகள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது பண்டம் பாத்திரமெல்லாம் பங்கு பிரிந்துவிட்டன. அவள் சின்ன வயதில் அந்தப் படத்துக்குக் கீழேதான் படுத்துக் கிடப்பாளாம். இப்போது துரொண்ட்ஹெய்மில் சொந்த வீடு வாங்கியிருக்கிறாள். "வீட்டுக்கு என்ன வேண்டும்?" என்று அப்பா கேட்டதற்கு, "வெனிஸ் மட்டும் போதும்" என்றாளாம். நவம்பரில் ஒரு சனிக்கிழமை அப்பாவும் மகளுமாக வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஜன்னல் மாற்றும் வேலை தொடங்கியது. தூசி என்றால் அப்படி ஒரு தூசி. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஈரமில்லாத இடத்தில், நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்" என்றார். நம்பிக்கை என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது ரொம்மன் பகுதியில் இருக்கும் அண்ணன்தான். பிள்ளைகளோடு குடும்பமாக இருக்கிற நண்பர் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்தேன்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். சொந்தமாக ஒரு வேன் வைத்துக் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறார். கோயிலில் பழக்கம். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவோம். நாங்கள் வந்த புதிதில் எங்களுக்குக் கட்டில் மெத்தை எல்லாம் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். அவருடைய தமிழ் ஆரம்பத்தில் என்னைப் படுத்தாத பாடு படுத்தியது. முதன் முதலில் சாப்பிடக் கூப்பிட்டபோது, "ஆறுதலா வாங்கோ" என்றார். யாருக்கு என்ன ஆச்சோ, நாம்தான் போய் ஆறுதல் சொல்ல வேண்டுமோ என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனோம். அவசரமில்லாமல் வாருங்கள் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். இன்னொரு நாள், "நான் வானிலை வாறன்" என்றார். வானிலைக்கும் இவர் வருகைக்கும் என்ன சம்பந்தம் என்று ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேனை அவர்கள் வான் என்பார்கள் என்பது கீழே ஹாரன் சத்தம் கேட்ட பிறகுதான் புரிந்தது. இப்படி அடிபட்டு அடிபட்டு, யாழ்ப்பாணத் தமிழில் நான் கரைகண்டுவிட்டேன் என்று ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

அண்ணன் வந்தார். படத்தை இரண்டு போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல வேனில் படுக்க வைத்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல காய்ஞ்ச மரம்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதே வேனில் எங்கள் வீட்டில் உடைந்து கிடந்த ஒரு கட்டிலின் பலகைகளையும் ஏற்றிவிட்டேன். அவருடைய வரிசை வீட்டில் பைஸ் இருக்கிறது. ஹாலிலேயே விறகு எரித்துக் குளிர் காய்கிற அடுப்புக்கு இங்கே அதுதான் பெயர். "பலகையை எரிச்சுக்குங்க அண்ணா, படத்தைப் பத்திரமா வச்சுக்குங்க" என்று தெளிவாகத்தான் சொன்னேன். "ஓம் ஓம், எனக்கு விளங்காதே?" என்று, இதுகூடப் புரியாதா என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் வேலை முடிந்தது. மறுநாள் சனிக்கிழமை, அப்பாவும் மகளும் வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து மெட்ரோவில் திரும்பும்போது அண்ணனுக்குப் போன் செய்தேன். பெட்டியில் கூட்டம், இரைச்சல். வண்டி அப்போதுதான் சுரங்கத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அண்ணா, நாளைக்கு ஓனர் வர்றார். படம் பத்திரமா இருக்குல்ல?"

"ஓம் தங்கச்சி. அதை நான் கொளு... ப்போட்டன்."

"என்னது?"

"கொளு...ப்போட்டன் எண்டுறன். சும்மா மூலைக்கை கிடந்து தூசு பிடிக்குது எண்டு அக்காதான் சொன்னவா."

என் காதில் விழுந்தது 'கொளுத்திப்போட்டேன்'. 

"ஃப்ரேமோடவா?"

"பின்னை? பிரேமைக் கழட்டிப்போட்டு ஆரும் செய்வினமே? எடுக்கேக்கை கொஞ்சம் கஷ்டம்தான், சரியான பாரம். ஆனா இப்ப ஹோல் முழுக்க ஒரே வெளிச்சம் தங்கச்சி! பிள்ளையள் சுத்தி நிண்டு போனிலை வீடியோ எடுத்தவை. பக்கத்து வீட்டுச் சனமும் வந்து பாத்திட்டு, நல்லா இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம்."

"அப்ப அந்தக் கட்டில் பலகை?" என்று கேட்டேன்.

"அது கராஜுக்கை பத்திரமாக் கிடக்குது. அதிலை நான் கையே வைக்கேல்லை."

அதோடு போன் அறுந்தது. பலகை பத்திரமாம்! பிரெஞ்சு ஓவியப் பள்ளியில் படித்துப் பாடம் நடத்திய மனிதர், படகோட்டியின் பொத்தான் வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைந்த நகரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, எங்கள் உடைந்த கட்டிலை இவர் பொத்திப் பாதுகாக்கிறார். நான் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய், அடுத்ததில் இறங்கி, அழுதுகொண்டே நடந்து வீடு வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். செருப்பை அதன் இடத்தில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "கொளுத்திட்டேன்னு அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னார். ஹால் முழுக்க வெளிச்சமாம். ஊரே வந்து வேடிக்கை பார்த்துச்சாம்."

"திருப்பிப் போன் பண்ணி..."

"போன்ல திட்டினா பத்தாது. நேர்ல போய்த் திட்டணும்."

இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அன்றைக்கு அந்த ஒரு போனை மட்டும் நான் போட்டிருந்தால் இந்த அனுபவமும் இல்லை, இதை எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குள் என் கணவர் கம்ப்யூட்டரைத் திறந்து, வெனிஸ் படம் எங்கே விற்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார். துணியில் அச்சடித்த ஒன்றைக் காட்டினார். அதில் கால்வாய் இருந்தது, சூரியன் இருந்தது, ஓரத்தில் ஒரு பெரிய சுற்றுலாக் கப்பலும் இருந்தது. "கப்பலை மறைச்சுட்டா கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்றார். நான் பார்த்த பார்வையில் மூடிவிட்டார். பிறகு ரொம்பத் தணிந்த குரலில், பள்ளிக்கூடத்தில் தனக்கு ஓவியத்தில் பரிசு கிடைத்திருக்கிறது என்றார். இரவோடு இரவாக வெனிஸை அவரே வரைந்துவிடுகிற உத்தேசம் போல. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த மகளைத்தான். பிரிந்து போன வீட்டிலிருந்து அவள் கேட்டது அந்த ஒன்றை. நாளைக்கு வாசலில் வந்து நிற்கப் போகிறாள். ஊரிலிருந்து அவ்வளவு தூரம் கிளம்பி வந்த பிறகு விஷயத்தைச் சொல்வது அதைவிடப் பாவம் என்று எனக்குப் பட்டது. போனில் பேசத் தைரியமில்லை. என் நார்வே மொழி காய்கறி வாங்கக் காணும், கருமாதி சொல்லக் காணாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரருக்கு எழுதினேன்: "மன்னித்துக்கொள்ளுங்கள். என் நண்பர் வீட்டில் வைத்திருந்த உங்கள் ஓவியம் தீயில் எரிந்துவிட்டது." கணவர், "கொஞ்சம் பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விரல் அதற்குள் அனுப்பிவிட்டது.

அவர் படித்துவிட்டார் என்று திரை காட்டியது. பதில் இல்லை. பேசுகிற மனிதர் என்றால் திட்டியாவது தீர்த்திருப்பார். இவருடைய மௌனம் என்னைக் கொன்றது. போனை மேல்கோட்டுப் பைக்குள் போட்டு, கணவரை இழுத்துக்கொண்டு ரொம்மனுக்குக் கிளம்பினேன். வழி முழுக்க வசனம் தயாரித்தேன். என் கணவர் பாவம், பக்கத்தில் உட்கார்ந்து, "அவங்க நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காங்க, மெதுவாப் பேசு" என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது அக்கா. "வாங்கோ வாங்கோ! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறியள். டாக்கோ இருக்கு, சாப்பிடலாம்" என்றார். வெள்ளிக்கிழமை என்றால் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு டாக்கோதான், மடித்த ரொட்டிக்குள் இறைச்சியை வைத்துத் தின்கிற மெக்சிகோப் பண்டம். அக்கா வீட்டு டாக்கோவில் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் மணக்கும். மற்ற நாளில் வாசலிலேயே எனக்கு நாக்கு ஊறும். அன்றைக்கு நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பின்னாலேயே அண்ணன் லுங்கியும் ஸ்வெட்டருமாக, கையில் பாதி கடித்த டாக்கோவோடு வந்தார்.

"எப்படி அண்ணா மனசு வந்துச்சு உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். "உங்களை நம்பித்தானே குடுத்தேன்? அடுத்தவங்க பொருள் அது. அந்தப் பொண்ணு நாளைக்கு வந்து கேட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்? செய்யறதையும் செஞ்சுட்டு, அக்கம்பக்கத்தைக் கூட்டி வேடிக்கை வேற காட்டியிருக்கீங்க!"

அண்ணன் டாக்கோவை வாயருகில் வைத்தபடி அப்படியே நின்றார். "என்ன தங்கச்சி இது? ஏன் இப்ப வாசல்லை நிண்டு கொளுவிறியள்? உள்ளுக்கை வாங்கோ" என்றார்.

இந்த முறை சுரங்கமும் இல்லை, இரைச்சலும் இல்லை. அப்போதும் என் காது தான் நினைத்ததைத்தான் கேட்டது. "நானா கொளுத்தறேன்? நானா? கொளுத்தினது நீங்க!" என்று கத்தினேன்.

"ஓம், நான்தான் கொளுவினனான். அதுக்கு ஏன் நீங்கள் என்னோடை கொளுவிறியள்?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிறார்!" என்று என் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் யாருடைய செருப்பையோ வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அண்ணனின் மகள் எட்டிப் பார்த்தாள். "அன்ரி ஏன் சிந்த்தா நிக்கிறா?" என்று அம்மாவைக் கேட்டாள். சிந்த் என்றால் நார்வே மொழியில் கோபம், அன்ரி நான்தான். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. "கொளுவினது உங்களுக்குப் பிடிக்கேல்லையெண்டால் இப்பவே கழட்டித் தாறம். அதுக்கேன் இப்பிடிக் கதைக்கிறியள்?" என்றார்.

கழட்டித் தருகிறார்களா? எரிந்து போனதையா?

அந்தக் கேள்வி என் வாயில் வருவதற்குள் கால் உள்ளே போய்விட்டது. ஹாலில் பெரிய சோபாவுக்கு மேலே, சுவரின் நட்ட நடுவில், வெனிஸ் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சின்ன விளக்கு வேறு பொருத்தியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது மங்கிய வெளிச்சத்தில் தொங்கிய படம், அந்த வானத்தில் இவ்வளவு மஞ்சளும் ரோஜா நிறமும் இருக்கிறது என்பதையே நான் பார்த்ததில்லை. ஒரு பொத்தான் குறையவில்லை. ஹால் முழுக்க வெளிச்சமாகத்தான் இருந்தது. நான் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், மறுபடியும் அழுதேன். பிள்ளைகள் பயந்து போய் டாக்கோத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

என் கணவர்தான் மெல்ல விசாரித்து முடிச்சை அவிழ்த்தார். யாழ்ப்பாணத்தில் படத்தைச் சுவரில் கொளுவுவார்கள். ஆளோடு சண்டைக்குப் போனால் அதுவும் கொளுவுவதுதான். தீ வைப்பதற்கு அவர்களும் நம்மைப் போலக் கொளுத்துவது என்றுதான் சொல்வார்கள். நான் அந்த ஒரு சொல்லை என் வாழ்நாளில் கேட்டதில்லை, அதனால் எனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொண்டேன்.

"கொளுத்தினதோ!" என்று அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ என்ரை பிள்ளையாரே! நாலு ஆணி வாங்கி, மட்டம் பாத்து, மினக்கெட்டுக் கொளுவினவனைப் பாத்துக் கொளுத்தினவன் எண்டுறியளே! சரி, சுவரிலை தூக்கிறதுக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"மாட்டறதுன்னு சொல்வோம்."

"மாட்டுறது பொலிசிட்டை எல்லோ?"

"அதுக்கும் அதேதான்."

அதற்குப் பிறகு அந்த ஹாலில் யாராலும் பேச முடியவில்லை. அக்கா சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணனின் மகள் நார்வே மொழியில் விளக்கினாள், அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கொளுவினாத்தான் சொந்தக்காரர்" என்றார். எந்தக் கொளுவல் என்று நான் கேட்கவில்லை.

அப்போது என் கணவர், "வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டோமே" என்றார்.

சிரிப்பு அப்படியே அடங்கியது. மேல்கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தேன். சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் எதுவும் கேட்டிருக்கவில்லை. வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். கீழே ஒரு செய்தி. திறந்தேன். திட்டு இருக்கும், காப்பீடு இருக்கும், வக்கீல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பேசாத மனிதர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "யாருக்காவது காயமா? உங்கள் நண்பர் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். அவர்கள் பத்திரமா?"

நான் அதைச் சத்தமாகப் படித்து, தமிழில் சொன்னேன். அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்தார், பிறகு தன் பிள்ளைகளைப் பார்த்தார். "எங்களை அந்த மனுசன் ஒருநாளும் கண்டதில்லையே" என்றார்.

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி அந்த எழுத்துகளைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, ஒரு பொல்லாப்பும் இல்லாமல்தான் சொன்னார்: "நீங்கள் பிரேமைக் கேட்டனீங்கள் தங்கச்சி."

சுருக்கென்று குத்தியது. ஆமாம், நான் சட்டத்தைக் கேட்டேன். கட்டில் பலகையைக் கூடக் கேட்டேன். ஹாலில் தீ, சுற்றி நின்ற பிள்ளைகள் என்று காதில் விழுந்த பிறகும், உங்களுக்கு ஒன்றும் ஆகலையே அண்ணா என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அவர்கள் வீட்டில் நான் சாப்பிடாத பண்டமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நான் அன்ரி. எனக்கு அப்படி வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். மணி அடித்த உடனே எடுத்தார். பதற்றத்தில் எனக்குத் தெரிந்த நார்வே மொழி எல்லாம் பறந்துவிட்டது. "படம் உயிரோடு இருக்கிறது! குழந்தைகளும் உயிரோடு இருக்கிறார்கள்! எல்லாரும் டாக்கோ சாப்பிடுகிறார்கள்!" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அதன் பிறகு அந்த மனிதர் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் அப்பாவும் மகளும் நேராக ரொம்மனுக்கே வந்தார்கள். நடந்த கதையை அண்ணனின் மகள் நார்வே மொழியில், எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் காட்டாமல், நடித்தே காட்டினாள். வந்த பெண் படத்துக்கு எதிரே போய் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் மகள்தானே, அவளுக்கும் வார்த்தை கம்மி. கடைசியில், சின்ன வயதில் அந்தச் சிவப்புச் சால்வைப் பெண் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். வேளச்சேரியை நான் சொல்லவில்லை. அக்கா இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸைச் சாப்பிட்ட வீட்டுக்காரருக்குக் காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகின, ஆனாலும் இன்னொன்று எடுத்துக்கொண்டார். அண்ணன் ஏணியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, இப்ப நான் கழட்டுறன். வடிவாக் கேட்டுக்கொள்ளுங்கோ, க-ழ-ட்-டு-ற-ன்" என்றார்.

போகும்போது வீட்டுக்காரர் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற கடைக்குட்டியின் தலையைத் தொட்டுப் பார்த்தார். முழுசாகத்தான் இருக்கிறானா என்று சரிபார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. படம் போர்வைக்குள் போய், காரில் ஏறி, துரொண்ட்ஹெய்முக்குப் போய்விட்டது.

என் கோபம் இன்னும் மூக்கு நுனியில்தான் இருக்கிறது, யாழ்ப்பாணத் தமிழில் இன்னும் வாரத்துக்கு ஒரு தடவையாவது கவிழ்கிறேன். ஆனால் யாராவது ஒரு கெட்ட செய்தி சொல்ல வாயெடுத்தால், பொருள் என்ன ஆயிற்று என்று முந்திக்கொண்டு வருகிற நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தப் பேசாத மனிதர் கேட்ட கேள்வியை முதலில் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாதி நேரம் தோற்றுத்தான் போகிறேன், மீதி நேரத்துக்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.